மேசையில் இடம் உண்டு, கல்லாவில் இல்லை

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் சபையில் அசனம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சபையார் அரிசியும் ஆடும் காசும் கொடுத்து, பெரிய அண்டாக்களில் ஒன்றாகப் பொங்கி, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு வேப்பமரத்து நிழலில் கூடி நின்றவர்கள் பேசியதெல்லாம் நாசரேத் பஜாரைப் பற்றித்தான்.

"மூணு மாசத்துக்கு ஒரு ஓட்டல் தெறக்கான். மந்திங்கான், ஷவர்மாங்கான். கேட்ட வாடகையக் குடுத்து ரேட்ட ஏத்தி விட்டுட்டான். நம்ம பழைய கடையெல்லாம் ஒண்ணொண்ணா மூடிட்டு வருது. நம்ம ஊரு நம்ம ஊராவா இருக்கு?"

சொன்னவர் பஜாரில் பல வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கடை வாடகைக் கட்டடத்தில்தான். அவர் வருத்தத்தில் பொய் இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். சென்னையிலும் துபாயிலும் வேலை பார்க்கும் என் வயதுப் பையன்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பன்னும் டீயும் சாப்பிட்ட கடையை நினைத்து உருகினார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சித்தி கேட்டாள்: "ஏல, நம்ம கடை நம்ம கடைன்னு சொன்னாவள, அது எந்தக் கடைல?"

முனைவர் பட்ட ஆய்வாளனான எனக்கு உடனே பதில் வரவில்லை. சித்தி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் இட்லி அவித்து விற்கிறாள். எங்கள் தெருவிலிருந்து பஜாரில் பிழைத்தவர்களை அன்றிரவு மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மூட்டை தூக்கியவர்கள் உண்டு. கடை வாசலைக் கூட்டியவர்கள் உண்டு. ஓட்டலில் மாவாட்டியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவர் என்று ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. சித்தியின் கேள்வி கேள்வியே அல்ல, பதில் என்று அப்போதுதான் உறைத்தது.

சிறு நகரங்களில் எங்கு போனாலும் இன்று இந்தப் புலம்பல்தான் கேட்கிறது. முற்போக்கு நண்பர்களும் 'பெருமூலதனம் சிறு வணிகத்தை விழுங்குகிறது' என்ற ஒற்றை வரியோடு அதில் கலந்துகொள்கிறார்கள். அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

எரவாணத்தில் செருகிய குவளை

என் தாத்தா டீ குடித்தது கடைக்கு வெளியே நின்று. அவரைப் போன்றவர்களுக்கென்று அலுமினியக் குவளை ஒன்று ஓலைக்கூரையின் எரவாணத்தில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவி, அதே இடத்தில் செருக வேண்டும். அப்பா காலத்தில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர் வந்துவிட்டது. ஆனால் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் அப்பா நின்றேதான் குடிப்பார். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை.

என் வயதுப் பையன்கள் உருகி உருகிப் பேசும் பழைய கடைத்தெரு இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எரவாணம் தெரியாது, அவ்வளவுதான்.

சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் 1957இல் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அந்தச் சொல் போனது. அந்த வெற்றியை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் பலகையில் எந்தச் சாதியையும் எழுதாமல் எரவாணத்தில் குவளையைச் செருகி வைத்திருந்த கடைகளை யார் கணக்கில் எழுதுவது? அவை பார்ப்பனர் கடைகள் அல்ல. நம் பக்கத்து ஊர்க்காரர் கடைகள். நம்மோடு சேர்ந்து 'பிராமணாள்' பலகையை எதிர்த்தவர்களின் கடைகளும் அவற்றில் இருந்தன.

அதெல்லாம் அந்தக் காலம் என்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதாகச் சொல்லிப் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பினார். அதை அவரே காணொளியாக எடுத்தும் வைத்திருந்தார். 2023 செப்டம்பரில் நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி பள்ளியில், காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. முதல் சம்பவத்தில் விற்கமாட்டேன் என்றார்கள். இரண்டாவதில் நீ சமைத்தால் தின்னமாட்டோம் என்றார்கள். ஓட்டல் என்ற தொழிலுக்கு இரண்டு பக்கம் உண்டு. இரண்டு பக்கத்திலும் சாதி நிற்கிறது.

புதிய ஓட்டல் செய்த நல்லது

இதே பஜாரில் புதிதாகத் திறந்த ஒரு ஏசி ஓட்டலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று வாசலில் நின்று கேட்டாள். உள்ளே போய் மெத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பரிமாறிய பையன் ஒடிசாக்காரன். அவனுக்கு எங்கள் தெருவின் பெயர் தெரியாது. நாலு வார்த்தை பேசியதும் ஆளின் சாதியைக் கண்டுபிடிக்கும் நம் ஊர் வித்தையும் அவனுக்குத் தெரியாது. 'அம்மா, தண்ணி' என்று அரைகுறைத் தமிழில் கேட்டு, டம்ளரில் ஊற்றி, மேசைமேல் வைத்தான்.

இந்தப் பஜாரில் ஒருவர் அம்மா கையருகே தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது அதுதான் முதல் தடவை. புதிய ஓட்டல்களால் ஊர் கெட்டுப் போனது என்று பேசுகிறவர்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். யாருக்கு ஊர் கெட்டது? அம்மாவுக்கு அன்றுதான் ஊர் கொஞ்சம் திறந்தது.

இது அரசமைப்புச் சட்டத்தில் எழுதியிருக்கும் உரிமை. பிரிவு 15(2), கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றுக்குள் போவதை மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், அந்த நாட்டு உணவகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல் எதையெல்லாம் குறிக்கும் என்ற கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அதற்கு விரிந்த பொருள் கொடுத்தார். உள்ளே நுழைய விடுவதோடு முடிந்துவிடாது, அங்கே பொதுவாக வழங்கும் சேவையைப் பெறுவதும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்பது அவர் விளக்கம். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அவை ஏற்றுக்கொண்டதும் அதே நாளில்தான்.

அம்மா உட்கார்ந்த நாற்காலிக்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது. ஆனால் இந்த உரிமை அம்மாவை வாடிக்கையாளராக்கியது. கடைக்காரராக்கவில்லை.

சாப்பாட்டுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். கடல் கடந்து வந்த மந்தி நம் பஜாரில் ராஜ மரியாதையோடு தட்டில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் தலைமுறை தலைமுறையாக வேகும் மாட்டுக்கறி அந்தப் பட்டியலில் இல்லை. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தபோது, மாட்டுக்கறிப் பிரியாணியை மட்டும் விலக்கி வைத்தது. இது சாதிப் பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. புதிய ஓட்டல் ஆளைப் பார்த்துத் தள்ளி வைப்பதில்லை. ஆளின் அடுப்பைத் தள்ளி வைக்கிறது.

கல்லாவுக்கு அந்தப் பக்கம்

இருபது வருடங்களுக்கு முன் அம்மா ஓர் ஆசைப்பட்டாள். மகளிர் குழுக் கடன் கொஞ்சம் கையில் இருந்தது. பஜார் முனையில் பூட்டிக் கிடந்த சின்னக் கடையை எடுத்துக் காலையில் இட்லியும் மாலையில் வடையும் போடலாம் என்று நினைத்தாள். கட்டடக்காரரைப் போய்ப் பார்த்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் தெரு?" சொன்னாள். வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கடை அதற்குப் பிறகும் ஒரு வருடம் பூட்டியே கிடந்தது.

போன வருடம் என் சித்தி மகன் அதே பஜாரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைக்க இடம் தேடினான். யாரும் அவனிடம் தெருவைக் கேட்கவில்லை. காலம் மாறிவிட்டது. மூன்று லட்சம் அட்வான்ஸ் கேட்டார்கள். பதினோரு மாத ஒப்பந்தம், அதன் பிறகு வாடகை ஏறும் என்றார்கள். கடைசியாக ஒரு கேள்வி: "பஜார்ல உனக்கு யாரையாவது தெரியுமா தம்பி? ஒரு ஆள் சொன்னா போதும்."

அந்த 'ஒரு ஆள்' என்பதை இளம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அம்மாவிடம் கேட்ட கேள்வியும் தம்பியிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். பஜாரில் உனக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், உன் மாமனோ பெரியப்பாவோ ஏற்கெனவே அங்கே கடை வைத்திருக்கிறாரா என்று அர்த்தம். மூன்று லட்சத்தை வட்டியில்லாமல் புரட்ட யார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். தெருப் பெயரைக் கேட்காமலே தெருவைத் தெரிந்துகொள்ளும் வழி இது. ஒருவரைச் சாதிக்காகத் தள்ளினால் சட்டப்படி குற்றம். அட்வான்ஸ் இல்லாததற்காகத் தள்ளினால் வியாபாரம். குவளையில் இருந்த சாதி அட்வான்ஸுக்குக் குடி மாறியிருக்கிறது.

உழைப்பும் திறமையும் இருந்தால் யாரும் முதலாளி ஆகலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் பகுதியிலேயே அதற்கு உதாரணம் காட்டுவார்கள். நாசரேத்துக்குப் பக்கத்துப் புன்னையடியில் பிறந்த ராஜகோபால், ஓட்டலில் மேசை துடைக்கும் பையனாகத் தொடங்கி, 1981இல் சென்னை கே.கே. நகரில் சரவண பவனை ஆரம்பித்தார். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றது பிற்காலக் கதை. தொழிலில் அவர் போட்ட உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவிலும் மேசை துடைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஐம்பது வயதிலும் மேசைதான் துடைத்தார்கள். சோம்பேறித்தனமா காரணம்?

ஓட்டல் தொழிலின் வரலாற்றைப் புரட்டுங்கள். உடுப்பி ஓட்டல்கள் என்றால் அந்த ஊர்ப் பார்ப்பனர்கள். முனியாண்டி விலாஸ் என்றால் திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்த நாயுடுகளும் ரெட்டியார்களும். ஒரு கடையில் வேலை பழகிய உறவுக்காரப் பையன் அடுத்த ஊரில் கிளை விரிப்பான். முதலுக்குச் சொந்தம் கை கொடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சொந்த ஊருக்கு வந்து முனியாண்டிக்குப் பிரியாணி படைப்பார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் முதல் என்பது வெறும் பணம் அல்ல, உறவு என்பதையும் அது காட்டுகிறது. உறவு சாதிக்குள் நிற்கிறது. ஆகவே முதலும் சாதிக்குள் நிற்கிறது.

அரசு கை கொடுக்காதா? பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். நாசரேத்தில் எங்களைப் போன்றவர்கள் கையில் இருப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டும் பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றுவரை வெளியேதான்.

மானியத்தோடு இது முடியவில்லை. பட்டியல் சாதியினர் ஒருவரைத் தொழிலோ வணிகமோ செய்யவிடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிப்படையாகவே குற்றம் என்கிறது. பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். அம்மாவிடம் 'எந்தத் தெரு' என்று கேட்டவருக்கு அவள் எந்தச் சபைக்குப் போகிறாள் என்பது ஒரு பொருட்டாக இல்லை. அந்தச் சட்டத்துக்கு மட்டும் அதுதான் பொருட்டு. கட்டடக்காரர் கண்ணில் நாங்கள் தலித்துகள். சட்டத்தின் கண்ணில் கிறிஸ்தவர்கள்.

வாடகையை ஏற்றியது யார்?

இப்போது அண்ணாச்சியின் வருத்தத்துக்கு வருகிறேன். வாடகை ஏறுவது உண்மை. ஆனால் வேப்பமரத்தடிப் பேச்சில் குற்றவாளியாக நின்றது வெளியூரிலிருந்து மந்தி விற்க வந்தவர். அந்தப் பேச்சு இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் 'பாய்மார்' என்றும் 'வடக்கன்' என்றும் போயிருக்கும். போகும் வழி எனக்குத் தெரியும். நம் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். வாடகைக் கோபத்தை மத வெறுப்பாக மாற்றக் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வாடகை ஏறுவதால் சாப்பாடு நன்றாக விற்பதில்லை. சாப்பாடு நன்றாக விற்கும் என்ற நம்பிக்கையால்தான் வாடகை ஏறுகிறது. தானிய விலையை வைத்து ரிக்கார்டோ 1817இல் இதைத்தான் விளக்கினார். மந்திக் கடைக்காரர் வாடகையைக் கொடுக்கிறவர். வாங்கிக்கொள்கிறவர் யார்? பெரும்பாலும் நம் ஊர்க்காரர். அசனத்துக்கு ஆடு கொடுத்தவராகக்கூட இருக்கலாம். முப்பது வருடத்துக்கு முன் கட்டிய அதே சுவர், அதே ஷட்டர். அவர் புதிதாக ஒரு செங்கல்லும் வைக்கவில்லை.

செங்கல் வைத்தது அரசுப் பணம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே மாதம் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்டில் ஆலை திறந்துவிட்டது. திருச்செந்தூர்க் கோயிலுக்கு 2025 ஜூலையில் குடமுழுக்கு. அதே மாதம் விமான நிலையத்தில் புதிய முனையம். மக்கள் வரிப்பணத்தில் சாலை அகலமாகிறது, கூட்டம் வருகிறது, மனையின் மதிப்பு ஏறுகிறது. ஏறிய மதிப்பு முழுவதும் பத்திரத்தில் பெயர் இருப்பவரின் பைக்குப் போகிறது. பத்திரத்தில் பெயர் இருப்பது யார் என்ற கேள்விக்கு நம் நாட்டில் சாதியை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

சட்டமும் கட்டடக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டது. 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. வாடகைதாரர் மனுச் செய்தால் அதிகாரி கணக்குப் போட்டு நிர்ணயிக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், இருவரும் ஒப்பந்தத்தில் எழுதுவதே வாடகை என்றாக்கியது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளலாம் என்ற வாசலும் இருக்கிறது. மூன்று லட்சம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். போதாக்குறைக்கு 2024 அக்டோபரில், பதிவு இல்லாத கட்டடக்காரருக்கு வாடகை கொடுக்கும் பதிவுபெற்ற கடைக்காரரே 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்றார்கள். வணிகர்கள் போராடிய பிறகு, காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. வாடகை வாங்குகிறவருக்கு வருமானம், கொடுக்கிறவருக்கு வரி.

ஆகவே அண்ணாச்சி, உங்கள் எதிரி மந்திக் கடைக்காரர் அல்ல. நீங்களும் அவரும் ஒரே ஆளுக்கு வாடகை கொடுக்கிறீர்கள்.

மகமையை நினைவுபடுத்துகிறேன்

இதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. காரணம், அவருடைய முன்னோர் கதையை நான் மரியாதையோடு படித்திருக்கிறேன். சாண்பத்து என்ற பெயர் மறைந்து நாசரேத் என்ற பெயர் வந்த காலத்தில், இந்தத் தேரி மண்ணில் பனையேறியவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. திருவிதாங்கூரில் அவர்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. 1859இல் அரசாணை வரும்வரை அதற்காக அடிபட்டார்கள். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கைச் சந்தித்து, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்றார்கள். 1899இல் சிவகாசியில் அவர்கள் வீடுகள் எரிந்தன.

ஊர் கதவைச் சாத்தியபோது அவர்கள் செய்தது என்ன? சொந்தமாகப் பேட்டை கட்டினார்கள். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமையாகப் பொதுவில் போட்டார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம், கிணறு, சந்தை. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். 1876இல் நாசரேத்துக்கு வந்த மர்காசிஸ் ஐயர் 1908இல் இறக்கும்வரை பள்ளியும் கைத்தொழிற்கூடமும் மருத்துவமனையும் வளர்த்தது, இந்த மண்ணில் கைத்தொழிலும் கல்வியும் கிடைத்தால் மனிதர் நிமிரலாம் என்று நம்பித்தான்.

தனி மனித உழைப்பால் மட்டும் யாரும் கல்லாவில் உட்காரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பொதுப் பணம் கை கொடுத்தது. ஜாமீன் சொல்ல ஆள் இருந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் கண்டுபிடித்த அந்த அருமையான கருவியை, நிமிர்ந்த பிறகு தன் சாதிக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டது. கதவைச் சாத்தியவர்களை எதிர்த்துக் கட்டிய பேட்டைக்கும் கதவு வைத்தார்கள். என் கோபம் அதில்தான்.

அதனால் வாடகைப் போராட்டத்தில் நாங்கள் சேர வேண்டும் என்றால் எங்களுக்கும் சில கோரிக்கைகள் உண்டு.

ஒன்று, பேரூராட்சி, கோயில், திருச்சபை, கல்வி நிறுவனம் என எந்தப் பொது அமைப்பின் கையில் இருக்கும் கடையானாலும் அதில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் பங்கு வேண்டும். அந்தப் பங்கை ஏலத்தில் விடாமல் குலுக்கலில் கொடுக்க வேண்டும். ஏலம் என்றால் பணம் உள்ளவர் எடுப்பார், எடுத்தவர் உள்வாடகைக்கு விடுவார். திருச்சபை மக்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஒரே பந்தியில் உட்காருவது சுவிசேஷம் என்றால், ஒரே வரிசையில் கடை வைப்பதும் சுவிசேஷம்தான்.

இரண்டு, சிறு கடைகளுக்கு நியாய வாடகை திரும்ப வர வேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத உச்சவரம்பு, எந்த விதிவிலக்கும் இல்லாமல்.

மூன்று, சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. சாலையை அகலமாக்கும்போது முதலில் தூக்கி எறிவது என் சித்தியின் இட்லிப் பானையைத்தான். பஜாரைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அவளுக்கும் நாற்காலி வேண்டும்.

நான்கு, 1950 ஆணையின் மூன்றாம் பத்தி நீங்க வேண்டும். இதைச் சபைகள் தலித் விடுதலை ஞாயிறு அன்று மட்டும் ஜெபிக்கும் விஷயமாக வைத்திருப்பது போதாது.

ஐந்தாவது அண்ணாச்சிக்கு. வியாபாரிகள் சங்கம் மகமையைத் திரும்பத் தொடங்கட்டும். இந்த முறை சாதிக்கு வெளியே. கடை வைக்க வரும் தலித் இளைஞனுக்கு அட்வான்ஸுக்கு அந்த நிதி ஜாமீன் நிற்கட்டும். "ஒரு ஆள் சொன்னா போதும்" என்றார்களே, அந்த ஒரு ஆளாகச் சங்கம் இருக்கட்டும். அதைச் செய்தால் வாடகைக்கு எதிராக நீங்கள் கடையடைக்கும் நாளில் எங்கள் தெரு உங்களுக்கு முன்னால் நிற்கும். செய்யாவிட்டால் அது இரண்டு முதலாளிகளுக்கு நடுவில் நடக்கும் சண்டை. யார் ஜெயித்தாலும் எங்களுக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவும் வேலைதான். அந்த வேலையைக்கூட இப்போது இன்னும் குறைந்த கூலிக்கு ஒடிசாப் பையனிடம் கொடுத்துவிட்டார்கள்.

தம்பிக்குக் கடை கிடைக்கவில்லை. இப்போது வீட்டுத் திண்ணையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் தெருக்காரர்கள் போன்கள் அவனிடம் வருகின்றன. பஜார்க்காரர்கள் போன்கள் வருவதில்லை. சித்தி விடியற்காலையில் இட்லிப் பானையோடு போகிறாள்.

அன்றைக்கு வேப்பமரத்தடியில் நான் தலையாட்டினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். படித்தவன், ஆய்வாளன், மேடையில் சாதி ஒழிப்புப் பேசுகிறவன், ஊர்க்காரர்கள் முன்னால் தலையாட்டினேன். சித்தி தெருவில் மெதுவாகக் கேட்ட கேள்வியை அங்கேயே சத்தமாகக் கேட்டிருக்க வேண்டியது நான். அடுத்த அசனத்துக்கும் ஊருக்குப் போவேன். அண்ணாச்சி வருவார், பேச்சும் வரும். அப்போது கேட்பேன்: "நம்ம கடைன்னா, எந்தக் கடை அண்ணாச்சி?"